சிங்கியிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி

திருக்குற்றாலக் குறவஞ்சியைக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இரண்டு இடங்கள் மறக்காது. ஒன்று, குரங்குகள் பழம் கொடுத்துக் கொஞ்சும் மலைவளப் பாட்டு. இன்னொன்று, வசந்தவல்லி பந்தடிக்கும் பாட்டு. மூன்றாவதாக ஒன்று உண்டு. அது பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட ஆண்டுவிழா மேடையில்தான் அதிகம் உயிரோடு இருக்கிறது. காணாமல்போன மனைவியைத் தேடி அலைந்து கண்டுபிடித்த சிங்கன், அவள் உடம்பில் கிடக்கும் ஒவ்வொரு நகையையும் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்கிறான். சிங்கி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறாள். கூடை இடுக்கிய ஒரு மாணவி, மை வைத்து மீசை வரைந்த இன்னொரு மாணவி, கேள்விக்குக் கேள்வி சிரிக்கும் கூட்டம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்தப் பத்து நிமிடத்தைச் சிரிக்காமல் ஒருமுறை படித்துப் பார்க்கலாம் என்பதுதான் இங்கே நான் செய்ய நினைப்பது. சிரிப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால் அங்கே இருப்பது ஒரு பெண்ணின் சொத்துப் பட்டியல். அதை அவள் தானாக வாசிக்கவில்லை. வாசிக்க வைக்கப்படுகிறாள்.

நூலை எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்துக்காரர். காலம் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி. மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் (ஆட்சி 1706–1732) இந்த நூலுக்காக அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டுப் பாடியதற்காக ஓர் ஆணுக்குக் கிடைத்த நிலம் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. குறி பாடியதற்காக ஒரு பெண்ணுக்குக் கிடைத்த நகையை, அதே பாட்டுக்குள், அவள் புருஷனே நம்ப மறுக்கிறான்.

கதை தெரிந்ததுதான். குற்றாலநாதர் பவனி வருகிறார். பார்த்த வசந்தவல்லி காதலில் விழுகிறாள், நோகிறாள், தோழியைத் தூது அனுப்புகிறாள். அந்த வேளையில் குறத்தி வருகிறாள். தன் மலை, தன் நாடு, தன் குலம் எல்லாம் பாடி, கைபார்த்துக் குறி சொல்லி, வசந்தவல்லியிடம் பரிசு வாங்கிக்கொண்டு போகிறாள். பிறகு சிங்கன் வருகிறான். பறவை பிடிக்க வந்தவன் மனைவியின் நினைவில் பறவைகளை விட்டுவிடுகிறான். கூட்டாளி நூவனிடம் புலம்புகிறான், ஊர் ஊராகத் தேடுகிறான், கடைசியில் கண்டுபிடிக்கிறான். இத்தனை நாள் என்னிடம் சொல்லாமல் எங்கே போனாய் என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. பெண்களுக்குக் குறிசொல்லப் போனேன் என்பது அவளுடைய முதல் பதில். உன்னைப் பார்த்தால் ஏதோ அதிசயமாகத் தெரிகிறது, சொல்லப் பயமாக இருக்கிறது என்கிறான் அவன். பயம் வேண்டாம், தோன்றியதைச் சொல் என்கிறாள் அவள். இந்த அனுமதியை அவள்தான் தருகிறாள். உரையாடலைப் படிப்பவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அதற்கப்புறம் பட்டியல். காலில் தொடங்கிக் கழுத்து நோக்கி ஏறுகிறது. காலில் சிலம்பு: சேலத்து நாட்டில் குறிசொல்லிப் பெற்றது. அதற்கு மேல் முறுக்குத் தண்டை: கோலத்து நாட்டார் கொடுத்த வரிசை. பாடகம்: பாண்டியன் மகள் குறி கேட்டதற்காகப் போட்டது. மணி வைத்த கெச்சம்: குற்றாலநாதர் சந்நிதிப் பெண்கள் தந்தது. விரலில் காலாழியும் பீலியும்: கண்டி தேசத்தில் பெற்றவை. இடுப்பில் சுற்றிய சல்லாச் சேலை: நெல்வேலியார் கொடுத்தது. அரைஞாண், செம்பொன்னில்: சோழன் மகள் தந்தது. மார்பில் முத்தாரம்: காயலார் தந்தது. கழுத்தில் சவடி: குட்டநாட்டாரும் காயங்குளத்தாரும் போட்டது.

இந்த நகைகளில் பாதியை இன்று நாம் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம். தண்டை குழாயாக இருக்கும், உள்ளே பரல் போட்டால் ஒலிக்கும். பாடகம் கணுக்காலோடு படிந்து கிடப்பது. கெச்சம் ஆடுகிறவர்கள் கட்டும் சதங்கை வகை. பீலி கால்விரலில் போடுவது. சல்லா என்பது கண்ணறைகள் தெரியும் மெல்லிய துணி. பட்டியல் முழுக்க உலோகமும் முத்தும்தான். துணி என்று வருவது அந்த ஒரு சேலை மட்டுமே.

இந்த ஊர்களை ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். சேலம் வடக்கே. கோலத்துநாடு மலபாரின் வட கோடியில், இன்றைய கண்ணூர்ப் பக்கம். குட்டநாடும் காயங்குளமும் மேற்கு மலைக்கு அந்தப்புறம். காயல் கிழக்குக் கடற்கரையில், கண்டி கடல் தாண்டி. நடுவில் குற்றாலம். பாண்டியனும் சோழனும் கவிராயர் காலத்தில் கிடையாது. அவர்கள் காவிய மரபுக்காக வந்து நிற்கிறார்கள். ஆனால் காயங்குளம் அப்போது உயிருள்ள அரசு. மார்த்தாண்ட வர்மா அதை 1746இல்தான் திருவிதாங்கூரோடு சேர்த்தார். கண்டி அரசு 1815 வரை இருந்தது; அதன் மன்னர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தவர்கள். காயல் பக்கத்து முத்துக்குளிப்பு அன்றைக்குத் தூத்துக்குடியில் உட்கார்ந்திருந்த டச்சுக்காரர்களின் பிடியில் இருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்குப் பொதிமாடு போன பாதை குற்றாலத்தின் காலடியில் கிடக்கிறது. ஆக, கற்பனை என்று ஒதுக்கினாலும் இது வெறும் கற்பனையாக இல்லை. தென்காசிச் சந்தையில் நின்ற ஒருவருக்குத் தெரிந்திருக்கக்கூடிய நகை உலகம் இதுதான். எந்த ஊர் வேலைப்பாடு எதற்குப் பெயர்போனது என்று கவிராயருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவை அவர் வசந்தவல்லியின் உடம்பில் ஏற்றாமல் சிங்கியின் உடம்பில் ஏற்றியிருக்கிறார்.

கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் இன்னொன்று தெரியும். பாண்டியன் கொடுக்கவில்லை, பாண்டியன் மகள் கொடுத்தாள். சோழன் கொடுக்கவில்லை, சோழன் மகள் கொடுத்தாள். கோயிலில் கொடுத்தது அதிகாரியோ அர்ச்சகரோ அல்ல, சந்நிதிப் பெண்கள். இந்தக் கதையில் கொடுப்பவள் வசந்தவல்லி. மற்ற ஊர்களுக்கு 'நாட்டார்' என்று பொதுவாக வந்தாலும், முகம் தெரியும் இடங்களிலெல்லாம் பெண்ணுக்குப் பெண்தான் கூலி கொடுக்கிறாள். வெளியே போக முடியாதவர்கள் வெளியே அலைகிறவளிடம் தங்கள் ரகசியத்தைச் சொல்லி, அதற்கு விலையாகத் தங்கள் உடம்பிலிருந்து ஒன்றைக் கழற்றித் தருகிறார்கள். அரண்மனைப் பெண்ணுக்கு நிலத்தை எழுதிக் கொடுக்கும் அதிகாரம் இல்லை. கழற்றித் தரக்கூடியது நகைதான். குறி சொல்லுதலை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் (நானும் குறியை நம்புகிறவள் அல்ல) இந்தப் பொருளாதாரத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள்.

இப்போது சிங்கனின் கண்ணுக்கு வருவோம். சிலம்பு அவனுக்கு விரியன் பாம்பாகத் தெரிகிறது. பாடகம் நாங்கூழாக, அதாவது மண்புழுவாக நெளிகிறது. கெச்சம் செத்த தவளை. பீலி சுருண்டு கிடக்கும் பூச்சி. அரைஞாண் சாரைப்பாம்பு. முத்தாரம் கொப்புளம். காட்டில் வாழும் வேட்டுவன், தான் அறிந்த பொருள்களை வைத்துத்தான் அறியாத பொருளைப் பார்ப்பான், என்ன அழகான பேதைமை என்று உரைகாரர்கள் நயம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அவன் எடுத்துக்காட்டும் உவமைகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். கடிப்பவை, ஊர்பவை, அழுகியவை, நோய்கள். மலையில் பூவும் தேனும் மயில்தோகையும் இல்லையா? இதே நூலில் மலைவளம் பாடும்போது சிங்கி அள்ளிக் கொட்டிய மலைதானே அது? மனைவியின் உடம்பில் தனக்குத் தெரியாமல் ஏறிய மதிப்பு எதுவோ அது சிங்கனுக்கு அருவருப்பாகத் தெரிகிறது. நான் அதைப் பேதைமை என்று படிக்கமாட்டேன். சந்தேகம் என்று படிக்கிறேன். கேள்வி, "இது என்ன" என்ற வடிவில் வந்தாலும், உள்ளே இருப்பது "இதை யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார்" என்பது. சிங்கிக்கு அது புரிகிறது. அதனால்தான் பொருளின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல் ஊரையும், கொடுத்தவரையும், குறிசொல்லிப் பெற்றதையும் சேர்த்தே சொல்கிறாள். ரசீது காட்டுவதுபோல.

வசந்தவல்லி அறிமுகமாகும் இடத்தைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அவளுக்கும் தலையிலிருந்து கால்வரை நகைகள் உண்டு. பந்தடிக்கும்போது வளை ஒலிக்கிறது, சிலம்பு ஒலிக்கிறது. கவிராயர் அவற்றை வர்ணிக்கிறார். யாரும் விசாரிப்பதில்லை. தாய் கேட்கவில்லை, தோழி கேட்கவில்லை, குறத்தியும் கேட்கவில்லை. உயர்ந்த வீட்டுப் பெண்ணின் நகை அவள் மேனியின் ஒரு பகுதி, பிறக்கும்போதே கூட வந்ததுபோல. காதல்நோயில் அவள் வளை கழன்று விழுந்தால் அது இலக்கணம். குறத்தியின் காலில் ஒரு சிலம்பு ஏறினால் அது வழக்கு. இரண்டு பெண்களுக்கும் நடுவே கவிராயர் வைத்திருக்கும் சாதி, வர்க்க இடைவெளி, அவர்கள் பேசும் மொழியில் தெரிவதைவிட இந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்பதில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. சம்பாதித்து வாங்கியவள் ஒருத்திதான். விளக்கம் சொல்ல வேண்டியவளும் அவளே.

இது பாட்டுக்குள் நின்றுவிட்ட கேள்வியாக இருந்திருந்தால் சிரித்துவிட்டே போகலாம். ஆனால் சிங்கனுக்குப் பிறகு இதே கேள்வியைக் கேட்டவர் போலீஸ்காரர். 1871இல் வெள்ளை அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. குறவர்கள் அந்தப் பட்டியலுக்குள் போனார்கள். கைரேகை, ராத்திரி ஆஜர், ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு. அதற்கு முன்பே போலீஸ் அதிகாரி பாப்பாராவ் நாயுடு குறவரின் 'குற்ற வரலாறு' என்று 1905இல் புத்தகம் எழுதிவிட்டார். எட்கர் தர்ஸ்டனின் சாதிகளும் குலங்களும் பற்றிய தொகுதிகள் (1909) குறவருக்கென்று ஒதுக்கிய நீண்ட பகுதியில் போலீஸ்காரர்களின் குறிப்புகள் ஏராளம். அவற்றில் குறிசொல்லும் பெண், வீட்டு நிலவரத்தை வேவு பார்க்க வந்தவள் ஆகிவிடுகிறாள். திண்ணைவரை வரக்கூடிய, அந்தப்புரம்வரை அழைக்கப்படக்கூடிய அவளுடைய தொழிலே அவளுக்கு எதிரான சாட்சி. பாண்டியன் மகள் கொடுத்த பாடகம் என்று அவள் சொன்னால் எந்த இன்ஸ்பெக்டர் நம்புவார்?

திருடும் குறவன் என்ற கற்பனை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது மட்டுமல்ல என்பதையும் சொல்லவேண்டும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் தூணில், அரசிளங்குமரியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன் நாயக்கர் காலத்திலேயே கல்லில் நிற்கிறான். சுற்றுலா வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் அவன் தொடையில் வடியும் ரத்தத்தைக் காட்டுவார்கள். சட்டம் அந்தக் கற்பனைக்குப் பதிவேடு கொடுத்தது, அவ்வளவுதான்.

1952இல் அந்தச் சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது. கேள்வி ஒழியவில்லை. 1993இல் கடலூர் மாவட்டம் முதனை கிராமத்துக் குறவரான ராஜாக்கண்ணு, நகை திருட்டு என்ற புகாரில் காவல்நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். உயிரோடு திரும்பவில்லை. அவர் மனைவி பார்வதி நடத்திய நீண்ட நீதிமன்றப் போராட்டம்தான் 2021இல் 'ஜெய்பீம்' படமாக வந்தது. படத்தில் அந்தக் குடும்பம் இருளர் குடும்பமாக மாற்றப்பட்டது. படத்தைப் பார்த்து அழுத நம்மில் எத்தனை பேருக்கு அது ஒரு குறவர் குடும்பம் என்பது தெரியும்? மேடையில் குறத்தி வேஷம் எல்லோருக்கும் பிடிக்கிறது. சிறையும் நீதிமன்றமும் வரும்போது குறத்தியின் பெயர் நழுவிவிடுகிறது. (குறவரையும் நரிக்குறவரையும் ஒன்றாகக் குழப்புவதும் இதோடு சேர்ந்ததே. ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவர் வாக்ரிபோலி பேசுகிற வேறு சமூகம். மேடைக் குறத்திக்கு இரண்டையும் கலந்துதான் மாலை போடுகிறார்கள்.)

கவிராயர் சிங்கிக்குச் சூட்டிய நகைகளை அந்தந்த ஊரின் உண்மையான பெண்களோடு ஒப்பிட்டால் பாட்டு இன்னும் விசித்திரமாகிவிடும். சவடி தந்ததாகச் சொல்லப்படும் குட்டநாடும் காயங்குளமும் பின்னர் திருவிதாங்கூர் ஆயின. அந்த அரசில் புலையர் பெண்கள் கழுத்தில் கல்லுமாலைதான் போடலாம். கல்லும் பாசியும் கோத்த கனத்த மாலை. அது அலங்காரம் அல்ல, தூரத்திலிருந்தே சாதி தெரிவதற்கான அடையாளம். 1915இல் கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில் அந்த மாலையைக் கழற்றும் போராட்டம் கலவரமாக வெடித்தது. அந்த ஆண்டின் இறுதியில் கொல்லத்தில், ஒரு சர்க்கஸ் கூடாரத்தில், அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் பெண்கள் தங்கள் கல்லுமாலைகளை அறுத்து மேடைமுன் குவித்தார்கள். குற்றாலத்துக்குப் பக்கத்தில் செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு 1904 முதல் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பக்கம்.

செங்கோட்டையே 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர் நிலம்தான். குற்றாலமும் தென்காசியும் 1801 முதல் கம்பெனியின் திருநெல்வேலிச் சீமை. சில மைல் தூரத்தில் ஓர் எல்லைக்கோடு. அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் எந்தச் சாதிப் பெண் மார்பில் எந்தத் துணியைப் போடலாம் என்பதை அரசனின் விளம்பரம் தீர்மானித்தது. தோள்சீலைக் கலகம் நடந்தது தெற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் என்றாலும், 1829இல் தோள்சீலையை மறுத்த ஆணையும், 1859 ஜூலை 26இல் அதை அரைமனதாக அனுமதித்த ஆணையும் அதே அரசின் ஆணைகள். அரைமனது என்றேன், நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் மட்டும் போடக்கூடாது என்பதுதான் 1859 ஆணை. மூடுவதில் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஒரே மாதிரி தெரிவதில்தான் பிரச்சினை.

பிரிட்டிஷ் பக்கம் மட்டும் சொர்க்கமா? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பக்கத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஜே. எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். முதல் தடை, தங்கமும் வெள்ளியும் அணியக்கூடாது என்பது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக்கூடாது என்று ஒன்று. பூவும் மஞ்சளும் கூடாது என்று ஒன்று. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் கொள்ளை போனது. தங்கமும் வெள்ளியும் என்று தொடங்கும் அந்தத் தடைப்பட்டியலைச் சிங்கியின் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் படிப்பது எனக்குச் சுலபமாக இல்லை. இருநூறு வருடத்துக்கு முன்பு ஒரு கவிஞன் மேடையில் அனுமதித்ததைத் தெருவில் அனுமதிக்க முடியவில்லை.

அப்படியானால் சிங்கி என்ன? தலித், பழங்குடிப் பெண் நகை அணிவதைக் கோயில் நாடகம் அனுமதித்தது, ஆகவே அது முற்போக்கு என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை. மேடையில் சிங்கியாக நின்றது குறத்தி அல்ல. குறவஞ்சி நாடகங்களைக் கோயில்களில் ஆடியவர்கள் தேவதாசிகள். தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை ஆடியவர்களும் அவர்களே. அப்படி ஒரு தேவதாசி சிங்கி வேடத்தில் நின்று, இந்தக் கெச்சம் சந்நிதிப் பெண்கள் எனக்குக் கொடுத்தது என்று பாடினால், தன் காலில் தான் கட்டிய சதங்கையைத் தானே தனக்குக் கொடுத்ததாகப் பாடுகிறாள். அந்த ஒரு வரி அவர்கள் வாயில் எப்படி ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுடைய நகைக்கும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது: யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார். 1947 சட்டத்துக்கு முந்தைய விவாதங்களில் தேவதாசிகளின் சொத்து எத்தனை முறை நாற்றமாகப் பேசப்பட்டது என்பது தமிழ்ப் பெண் வரலாறு படிக்கும் மாணவிகளுக்குத் தெரியும்.

1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அமைத்தார். அதற்குப் பிறகு சிங்கி நடுத்தர, மேல்சாதி வீட்டுப் பெண்களின் உடம்புக்கு மாறினாள். இன்று நாகர்கோவில் வடசேரியில் செய்யும் சிவப்புக்கல் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அரங்கேற்றத்துக்குக் குடும்பங்கள் அதை வாங்குகின்றன. அந்த நகையைப் போட்டுக்கொண்டு, பின்னர் குறத்திக் காட்சிக்காகக் கழற்றிவிட்டுப் பாசிமாலை மாட்டிக்கொள்கிறார்கள். கவிதையில் தங்கத்தாலும் முத்தாலும் மூடப்பட்டிருக்கும் சிங்கியை நம் மேடை பாசிமணிக்கு இறக்கிவிட்டது. வசனத்தில் செம்பொன் அரைஞாண் என்று வாய் சொல்லும்போது இடுப்பில் பிளாஸ்டிக் மணி ஆடும். யாரும் அதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் ஏழைப் பெண் சொல்லும் சொத்துக் கணக்கைப் பொய் என்றே கேட்டுப் பழகியிருக்கிறோம்.

தென்காசிப் பக்கத்தில் இந்தப் பட்டியலைப் படிக்கிற எவருக்கும் பாம்படம் நினைவுக்கு வராமல் இருக்காது. அரக்கு நிரப்பிய பொன்தகட்டில் முக்கோணமும் உருண்டையுமாகச் செய்த, தோளில் இடிக்கும் காது நகை. கூடவே தண்டட்டி, முடிச்சு, அரிசித்தட்டு. சின்ன வயதில் காதைக் குத்தி, பஞ்சும் ஓலையும் வைத்து வளர்த்து, பிறகு ஈயக் குணுக்கு மாட்டித் தொள்ளைக்காது ஆக்குவார்கள். ஒருமுறை மாட்டினால் சாகும்வரை ஆச்சியோடேயே கிடக்கும். களைபறிக்கப் போகும் கிழவிகூடக் காதில் சில சவரனைத் தொங்கவிட்டுக்கொண்டு போனாள். அழகுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பெட்டியில் வைத்தால் மகன் எடுப்பான், புருஷன் அடகுவைப்பான். சதையோடு மாட்டிக்கொண்டால் அவ்வளவு சீக்கிரம் கழற்ற முடியாது. வலியைத் தாங்கிச் சேமித்த சேமிப்பு. அடுத்த தலைமுறை காதை வெட்டித் தைத்துக்கொண்டது. பாம்படம் கட்டியாக உருகிப் பேத்திகளின் கல்யாணச் சங்கிலியாகப் போனது. அருங்காட்சியகத்துக்கு வெளியே அதைப் பார்ப்பது இப்போது அரிது.

பெண்ணின் நகை பெண்ணுக்கே என்று சட்டம் சொல்கிறது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. சீதனம் மனைவிக்கு மட்டுமே உரியது, கணவன் வெறும் பாதுகாவலன் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. சொன்ன பிறகும் நகைக்கடன் வரிசையில் நிற்பது யார், ரசீது யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று உங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சட்டத்தின் மனதில் இருக்கும் நகைகூடப் பிறந்தவீடோ புகுந்தவீடோ கொடுத்த நகைதான். தன் தொழிலால் ஊர் ஊராகச் சம்பாதித்த நகைக்குத் தமிழில் நமக்கு ஒரு சொல்கூட இல்லை. சிங்கி 'பெற்றது' என்கிறாள்.

இப்படிச் சொல்லிவிட்டு சிங்கியைச் சுதந்திரப் பெண்ணின் சின்னமாக ஆக்கிவிட ஆசை வரும். ஆசைப்படலாம், ஆனால் பிரதி அதற்கு முழுதாக இடம் தராது. அவள் பேசும் பதில்கள் எல்லாம் கவிராயர் எழுதிய பதில்கள். விசாரணை முடிந்த கையோடு காட்சி சிருங்காரத்துக்குள் வழுக்கி விழுகிறது. பாம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த சிங்கன் அதே பாம்பை வைத்து வேறொன்றைக் கேட்கிறான். இந்த வெட்டவெளியிலா என்று அவள் தடுக்கிறாள். கூட்டம் சிரிக்கிறது. அவன் சந்தேகம் தீர்ந்ததா, நகைகளை நம்பினானா என்பதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. சமாதானம் ஆகிவிட்டது, குற்றாலநாதருக்கு வாழ்த்துப் பாடிவிடலாம்.

நகைகளைப் பற்றி அதற்குமேல் பேச்சே இல்லை. சேலத்துச் சிலம்பு, கண்டிப் பீலி, காயல் முத்து எல்லாம் அவள் மேல் அப்படியே கிடக்கின்றன. அடுத்த ஊருக்குக் குறிசொல்லப் புறப்படும்போது அவள் எவற்றை அணிந்துகொண்டு போவாள், எவற்றைக் கூடைக்கடியில் துணிபோட்டு மூடிக்கொண்டு போவாள் என்பதைக் கவிராயர் எழுதவில்லை.